சப்பாத்து வாசமுள்ள திருடன்

அத்தியாயம் நான்கு

கிருஷாந்த் என் அலுவலகப் படியேறி வந்தபோது காலை எட்டரை மணி. அன்று மாலை ஆறரை மணிக் கொழும்பு பஸ்ஸில் அவன் ஏறியாக வேண்டும். மறுநாள் காலையில் கப்பல் முகவரின் மேசையில் தன்னுடைய கப்பல் புத்தகத்தை வைக்காவிட்டால், மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தப் புத்தகம் முதல்நாள் பகல் லிங்கநகரில் அவன் வீட்டு அலுமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது.

"அது இல்லாமல் கப்பலில கால் வைக்க ஏலாது அக்கா. புதுசு எடுக்க மாசக்கணக்கில செல்லும்" என்றான்.

கெட்டிக்காரத் துப்பறிவாளருக்குப் பத்து மணித்தியாலம் தாராளம். ஆனால் அவன் வந்திருந்தது என்னிடம்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்ததாகச் சொல்லக் கூடாது. போன மாதம் ஞானசேகரம் மாஸ்டரின் சைக்கிள் தபால் கந்தோர் வாசலில் காணாமல் போனது. திருக்கோணமலை முழுவதும் மூன்று நாள் தேடினேன். நான்காம் நாள் அவர் வீட்டு வாசலில் இறங்கி, "இன்னும் அகப்படேல்லை மாஸ்டர்" என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இறங்கிய சைக்கிளைப் பார்த்தார். தபால் கந்தோர் வாசலில் என்னுடையது என்று நினைத்து நான் எடுத்து வந்தது அது. என்னுடைய சைக்கிள் மூன்று நாளும் அங்கேயே மழையில் நனைந்துகொண்டிருந்தது.

இந்தக் கதை உள்துறைமுக வீதியில் எல்லோருக்கும் தெரியும். கிருஷாந்துக்கும் தெரியுமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

"இருங்கோ தம்பி, சாய்ஞ்சு இருங்கோ."

"இல்லை அக்கா. நாரிப் பிடிப்பு. சாய ஏலாது."

கதிரை நுனியில் குச்சி போல நிமிர்ந்து உட்கார்ந்தான். சவர்க்கார வாசம் அவனிடமிருந்து அலை அலையாக வந்தது. ஒரு கட்டி முழுவதையும் தேய்த்துக் கரைத்திருப்பான் போல. ஒழுங்கான பிள்ளை என்று, பரீட்சைத் தாள் திருத்துவது போல மனதுக்குள் புள்ளி போட்டேன்.

அவன் ஒரு பொலித்தீன் பையை மேசையில் வைத்தான். அதற்குள் இறுக்கிக் கட்டிய பருத்திச் சேலை ஒன்று.

"என்ர மனுசி கீர்த்தனிதான் தந்துவிட்டவ. புத்தகத்துக்கு மேல கிடந்த சேலை. அவ கப்பல்துறைத் தையல் ஆலையில வேலை. நேற்றுக் கரண்ட் இல்லையெண்டு மத்தியானமே அனுப்பிப்போட்டாங்கள். வந்து அலுமாரியைத் திறந்தால் வேற ஆரோ மணக்குதாம். வாசத்தை வைச்சு என்னத்தை அக்கா பிடிக்கிறது? விடுங்கோ எண்டனான். கேட்கேல்லை."

"பூட்டு உடைஞ்சதே?"

"இல்லை. திறப்பு எப்பவும் அதிலதான் தொங்கும்."

பையை அவிழ்த்தேன். மண்ணெண்ணெய், சப்பாத்து மை, நடுவில் தோடம்பழத் தோலைக் கிள்ளியது போல ஒரு சுரீர். எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

"ஸுல்பிகா, இதை மணந்து பார்."

என் உதவியாளர் ஸுல்பிகா கிண்ணியாவிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வருகிறவள். அவளுடைய குடும்பம் மூன்று தலைமுறையாக அத்தர் விற்கிறது. அப்படிப்பட்ட மூக்கு என் கைவசம் இருந்தது. ஆனால் அவள் கைலேஞ்சியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தடிமன் மிஸ். என்ட மூக்கு மெடிக்கல் போட்டிட்டுது. இண்டைக்கு உங்கட மூக்குதான் டியூட்டி."

"என்ர மூக்கை நம்பலாமோ?"

"சைக்கிளைத் தேடினது கண்தானே மிஸ். மூக்குக்கு இன்னும் கெட்ட பேர் வரல்ல."

கிருஷாந்த் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். பதற்றத்தில் வரும் சிரிப்பு என்று அதற்கும் ஒரு புள்ளி போட்டேன்.

*

பத்து மணிக்குக் கிண்ணியாவில் ஸுல்பிகாவின் மூத்த சகோதரர் இன்ஷாபின் கடையில் நின்றோம். ஒரு பக்கம் அத்தர்க் குப்பிகள். மறுபக்கம் அவர் புதிதாகத் தொடங்கிய ஸ்ப்ரே போத்தல்கள். வீட்டில் அந்தப் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை. சேலையை ஒரு தரம்தான் மணந்தார்.

"லெதர்."

"செருப்புத் தோலோ?"

"மாட்டில இருந்து எடுக்கிற இல்ல தங்கச்சி. மரத்தைப் புகைச்சு எடுக்கிற தார், குங்குமப்பூ, இன்னும் அது இது. எல்லாம் சேர்ந்தா மூக்கு அதைத் தோல் எண்டு நம்பிடும். கைய நீட்டுங்க."

என் இடது மணிக்கட்டில் ஒரு போத்தலிலிருந்து இரண்டு தரம் அடித்தார். அதே மண்ணெண்ணெய். அதே சப்பாத்து மை. அதே சுரீர்.

"இதே ஆள்தான்! இதை இஞ்ச ஆர் வாங்கினது?"

"இஞ்ச ஒருத்தரும் வாங்கல்ல. கப்பல்ல போய் வாற ஆக்கள்தான் கொண்டு வருவாங்க. எனக்கும் அப்பிடி ஒருத்தர் தந்ததுதான்."

கப்பலில் போய் வருகிறவர்! மூளைக்குள் விளக்கு எரிந்தது. கிருஷாந்தின் இடத்துக்குக் காத்திருக்கும் அடுத்த ஆள்! படியிறங்கி ஓடினேன்.

"ஆனா தங்கச்சி, ஒரு விசயம்…" என்று இன்ஷாப் பின்னால் கூப்பிட்டார்.

அந்த 'ஆனா'வைக் கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் மூன்று பக்கத்தில் முடிந்திருக்கும். எனக்கு எதிலும் பாதி கேட்டாலே போதும். மீதியை நானே இன்னும் நன்றாக எழுதிக்கொள்வேன். என் வாழ்க்கையில் பெரும்பாலான விஷயங்கள் அப்படித்தான் கெட்டுப்போயின.

அடுத்த ஆள் சிந்துஜன் என்று கிருஷாந்திடம் தொலைபேசியில் கேட்டு அறிந்தோம். சிந்துஜன் நான்கு நாளாக மன்னாரில் மாமியார் வீட்டில் இருந்தான். மாமியாரே தொலைபேசியை வாங்கி அதை உறுதி செய்தார். எப்போது போவான் என்று எங்களையே கேட்டார்.

"விளக்கு அணைஞ்சிட்டுதா மிஸ்?" என்றாள் ஸுல்பிகா.

"கரண்ட் கட்."

*

லிங்கநகர் ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்தவர் முதல்நாள் பதினொரு மணியளவில் பச்சைக் கூரை போட்ட ஓட்டோ ஒன்று நின்றதைக் கண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு அந்த ஓட்டோவைச் சந்தைக்குப் பக்கத்தில் பிடித்தோம். சாரதியின் பெயர் ஸுஹைர்.

"நேற்று லிங்கநகரில ஏறினது ஆர்?"

"ஒரு மாமி. கருவாட்டுப் பெட்டியோட. ஜெட்டி தேத்தண்ணிக் கடையில இறங்கினவ."

"வாசம் ஏதும்?"

ஸுஹைர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "கருவாட்டுப் பெட்டி எண்டு சொன்னனே."

இடது கையைப் பின் ஆசனத்தில் ஊன்றிக்கொண்டு குனிந்து மணந்தேன். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் நிமிரவில்லை. மண்ணெண்ணெய் இல்லை. சுரீர் இல்லை. புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்த கணம் போல, தடிப்பான, உலர்ந்த, மெருகேறிய வாசம். அடியில் எங்கோ ஒரு புகை. மேலே முகப்பவுடர் தூவியது போல ஏதோ ஒன்று.

"இது வேற ஆள்!"

"கருவாடு மணக்கல்லையா?" என்று கேட்டாள் ஸுல்பிகா.

"இல்லை. கருவாட்டையும் மேவி நிற்கிற ஆள். ரெண்டு பேர் ஸுல்பிகா. முதலாவது ஆள் எடுத்தவன். ரெண்டாவது ஆள் கொண்டுபோனவன்."

"மாமி?"

"மாமி ஒரு மறைப்பு."

"பெட்டிக்குள்ள கருவாடுதான் இருந்தது மிஸ். எனக்கும் ரெண்டு தந்தவ" என்றார் ஸுஹைர். அவரையும் குறித்துக்கொண்டேன்.

என் தொலைபேசி அடித்தது. இன்ஷாப். இன்னொரு போத்தலை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எடுக்கவில்லை.

*

மூன்றரை மணிக்கு ஜெட்டித் தேத்தண்ணிக் கடையில் கருவாட்டு மாமியை ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு மூலையில் மர வாங்கு ஒன்று வெறுமையாகக் கிடந்தது. உட்கார்ந்து, இடது கையால் அதன் விளிம்பைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து மணந்தேன்.

இங்கே எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சப்பாத்து இல்லை. புகை இல்லை. காய்ச்சி ஆறிய பால், முந்திரிகை வற்றல், அயர்ன் போட்டு மடித்த துணி. யாரோ பல வருடம் கைக்குள் வைத்துத் தேய்ந்த தோல் பணப்பை போல மெத்தென்று ஒரு வாசம். அது காற்றில் வீசவில்லை. கிட்டப் போனால் மட்டும் பேசியது.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. தனியாக இருக்கிறேன். பொதுவாக அதைப் பற்றி நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதற்குத்தான் இந்த வேலை. ஆனால் அந்த வாங்கில், ஒரு திருடன் உட்கார்ந்துபோன இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, இப்படி மணக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்து ஒன்றும் கதைக்காமல் தேத்தண்ணி குடித்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகு போய் மறையும் வரைக்கும் நினைத்தேன்.

"மிஸ், கண்ணை மூடிட்டீங்க."

"யோசிக்கிறன்."

"சிரிச்சிட்டு யோசிக்கிறீங்க."

"மூண்டாவது ஆள்" என்றேன் அவசரமாக. "இவன்தான் தலைவன். அமைதியான ஆள். பண்பான ஆள்."

"திருடன்தானே?"

"பண்பான திருடன்."

ஸுல்பிகா தும்மினாள். "மிஸ், எங்கட வீட்டு அத்தர் காலமை வைச்சா ராவைக்கும் அதே ஆள்தான். இந்த ஊர்ல ஒரு அலுமாரியைத் திறக்க மூண்டு லெதர் போட்ட மூண்டு பேரா? கப்பல் புத்தகம் எடுக்க வந்த ஆக்களா, சப்பாத்துக் கடை திறக்க வந்த ஆக்களா?"

தொலைபேசி மறுபடி அடித்தது. மறுபடியும் இன்ஷாப். நான்காவது தடவை.

*

ஐந்து மணி கழிந்து லிங்கநகர் வீட்டுக்குப் போனோம். வாசலில் பயணப் பை கட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் அயலவர்கள் கொண்டுவந்து குவித்த முறுக்கு, பயித்தம்பணியாரம், எள்ளுருண்டைப் பொட்டலங்கள். கிருஷாந்த் முந்தாநாளே இருபத்திரண்டு வீட்டுக்கும் போய்ப் பயணம் சொல்லி முடித்திருந்தான். எங்கள் ஊரில் பயணம் சொன்னவன் போயாக வேண்டும். சொல்லிவிட்டு மறுநாள் அதே ஒழுங்கையில் பாண் வாங்கப் போனால், அவன் பாண் வாங்குவதை இருபத்திரண்டு வீடும் பார்க்கும்.

கீர்த்தனி மெலிந்த, விரைவாகப் பேசுகிற பெண். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"கிடைச்சுதோ அக்கா? ஒரு மணித்தியாலந்தான் கிடக்கு."

சுவரோரம் நிமிர்ந்து நின்ற கிருஷாந்த், "சொன்னனே, கிடைக்காது எண்டு" என்றான். நான் அதைக் கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

"மூண்டு பேர் கொண்ட ஒரு கூட்டம்" என்று தொடங்கினேன். "மண்ணெண்ணெய்க்காரன் எடுத்தான். சப்பாத்துக்காரன் கொண்டுபோனான். தலைவன், அவன் ஒரு…"

"பண்பான ஆள்" என்றாள் ஸுல்பிகா.

கீர்த்தனி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எப்பிடியும் பிடிச்சுத் தாங்கோ அக்கா. இவர் மூண்டு வருஷமாய்…"

பேச்சு நின்றது. அவள் குனிந்தாள். என் இடது மணிக்கட்டைத் தன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"உங்கட கையில ஏன் இவற்ற வாசம்?"

"எவற்ற வாசம்?" என்றேன்.

"இவற்ற!" என்று கிருஷாந்தைக் காட்டினாள். "பின்னேரம் வேலையால வந்து பக்கத்தில இருந்தால் இவர் இப்பிடித்தான் மணக்கிறவர். எங்கட தலைகணி இப்பிடித்தான் மணக்கும். இது உங்கட கையில எப்பிடி வந்தது? எங்க ரெண்டு பேரும் சந்திச்சனீங்கள்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்மேல் அப்படிச் சந்தேகப்பட்டார். ஒரு வினாடி பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் என் மணிக்கட்டை நானே மணந்து பார்த்தேன்.

காய்ச்சி ஆறிய பால். முந்திரிகை வற்றல். கைக்குள் தேய்ந்த பணப்பை.

மூன்றாவது திருடன் என் கையில் இருந்தான். இரண்டாவது திருடனும் அங்கேதான் இருந்திருக்கிறான், ஓட்டோவில் ஊன்றிய அதே இடது கையில். ஸுஹைரின் ஆசனத்தில் கருவாட்டைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. ஜெட்டி வாங்கில் நான் கண்ணை மூடிச் சிரித்தது என்னுடைய மணிக்கட்டை மணந்துதான். மறுபடியும் சைக்கிள். மறுபடியும் நானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஸுல்பிகா மெதுவாக, "காலமை இன்ஷாப் நானா அடிச்சது மிஸ்" என்றாள்.

"ஓம். மண்ணெண்ணெயாய்த் தொடங்கி, மத்தியானம் சப்பாத்தாகி, இப்ப இது. எல்லாம் ஒரே ஆள்." கீர்த்தனியிடம் திரும்பினேன். "தங்கச்சி, இவர் காலமையில எப்பிடி மணப்பார்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? ஆறு மணிக்கே ஆலை பஸ் வந்திடும். சென்ட் எண்டால் எனக்கு மண்டையிடி. இந்த வீட்டில ஒரு போத்தல் கிடையாது. இது இவற்ற சொந்த வாசம்."

"சொந்த வாசம் இல்லை. அது காலமை அடிக்கிற சென்ட். துணியில அது மாற நேரம் எடுக்கும், அதுதான் நேற்று மத்தியானம் உங்கட சேலையில முதல் வாசமே நிண்டது. நீங்கள் அதை ஒருநாளும் மணக்கேல்லை. அதால ஆரோ பிறத்தி ஆள் எண்டு நினைச்சீங்கள்." கிருஷாந்தைப் பார்த்தேன். "இண்டைக்கு ஏன் தம்பி ஒரு கட்டிச் சவர்க்காரம் கரைச்சுக் குளிச்சனீங்கள்? நாரிப் பிடிப்பு எப்பிடி இருக்கு?"

அவன் சேட்டின் பின்பக்கத்தைத் தூக்கி, காற்சட்டைப் பட்டிக்குள் செருகியிருந்த சிறிய நீலப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

காலை எட்டரை மணிக்கு அது என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் இருந்திருக்கிறது. நான் அதைச் சாய்ந்து இருக்கச் சொல்லி உபசரித்திருக்கிறேன்.

"போன முறை எஞ்சின் அறையில நெருப்புப் பிடிச்சது" என்றான் கிருஷாந்த். சுவரைப் பார்த்துத்தான் பேசினான். "ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை. ஆனால் அதுக்குப் பிறகு எனக்குக் கை நடுங்கும். சீஃப் எஞ்சினியர் தன்ர போத்தலைத் தந்தவர். இதை மணந்தால் தரை ஞாபகம் வரும், நடுக்கம் நிற்கும் எண்டவர். கூட்டாளியின்ர படகுக் கொட்டிலில வைச்சிருக்கிறன். நீ போனாப் பிறகு போய் அடிப்பன். நேற்றும் அடிச்சிட்டுத்தான் வந்து இதை எடுத்தனான். என்ர புத்தகத்தை எடுக்கவே எனக்குத் துணிவு வேண்டியிருந்தது."

"துலைஞ்சது எண்டு சொல்லுறதுக்கோ?"

"துலைஞ்சால் என்ர பிழை இல்லையே. நீ மத்தியானமே வந்து, ஆரோ எடுத்திட்டாங்கள் எண்டனீ. எனக்கு அது இன்னும் வசதியாய்ப் போச்சு."

கீர்த்தனி நிலத்தில் உட்கார்ந்தாள். பலகாரப் பொட்டலங்கள் அவளைச் சுற்றிக் கிடந்தன.

"பயமெண்டால் பயமெண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் நினைச்சனான். அதுக்குள்ள இருபத்திரண்டு வீட்டுக்கும் பயணம் சொல்லியாச்சு."

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அப்ப ஏன் தம்பி துப்பறிய ஆள் பிடிச்சனீங்கள்?"

"கீர்த்தனி விடேல்லை. அதுதான் விசாரிச்சுப் பார்த்து…" அவன் தலையைச் சொறிந்தான். "குறை நினையாதேங்கோ அக்கா. மாஸ்டர் சொன்னவர், உங்களிட்டக் குடுத்தால் ஒருக்காலும் அகப்படாது எண்டு."

ஸுல்பிகா கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டாள். அது தும்மல் அல்ல.

சுவர் மணிக்கூட்டில் ஐந்தே முக்கால். கீர்த்தனி எழுந்தாள். புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். மற்றக் கையில் தொலைபேசியை வைத்தாள்.

"ஒண்டில் பஸ்ஸுக்குப் போங்கோ. இல்லாட்டி வரேல்லை எண்டு முகவருக்கு நீங்களே சொல்லுங்கோ. துலைஞ்சது எண்டு சொல்ல ஏலாது. அது மேசையில கிடந்ததை நாலு பேர் பார்த்திட்டம்."

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை நடுங்குவதை அப்போதுதான் நான் கண்டேன். காலையில் அந்தக் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பார்த்தேன், ஆனால் புள்ளி போடவில்லை.

அவன் முகவருக்குத் தொலைபேசி எடுத்தான்.

"சேர், கிருஷாந்த் கதைக்கிறன். புத்தகம் இருக்கு. நான் வரேல்லை. இல்லை சேர், வருத்தம் காய்ச்சல் ஒண்டும் இல்லை. எனக்குப் பயம்."

மறுபக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. சத்தம் போடவில்லை. சிந்துஜனைக் கூப்பிடுவதாகவும், இனி இவனுடைய பெயர் பட்டியலில் இருக்காது என்றும் சொன்னது. மூன்று வருடம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவன் தொலைபேசியை வைத்துவிட்டு, அன்று முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

கீர்த்தனி அழவில்லை. பலகாரப் பொட்டலங்களைப் பைக்குள் போடத் தொடங்கினாள்.

"நாளைக்கு இதெல்லாத்தையும் இருபத்திரண்டு வீட்டுக்கும் திருப்பிக் குடுக்க வேணும். ரெண்டு பேருமாய்ப் போவம்." பிறகு, திரும்பிப் பாராமல், "அந்தப் போத்தலைக் கொட்டிலில இருந்து கொண்டு வாங்கோ. காலமை ஆறு மணிக்கு ஆலை பஸ் வர முன்னம், எனக்கு முன்னால அடியுங்கோ."

"உனக்கு மண்டையிடிக்குமே."

"இடிக்கட்டும். பனடோல் போடுறன். ஆறு மணிக்குப் பிறகு நீங்கள் ஆரெண்டு எனக்கும் தெரிய வேணும்."

*

ஸ்கூட்டரில் பின்னால் இருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தண்ணீரில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கொழும்பு பஸ் எங்களுக்கு எதிரே ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"மூண்டு திருடனையும் பைப்பில கழுவிப்போடுங்க மிஸ்."

"பார்ப்பம்."

கழுவவில்லை. காற்றுக்குப் படாமல் கையை நெஞ்சோடு வைத்திருந்தேன்.

தொலைபேசி அடித்தது. இந்த முறை எடுத்தேன்.

"தங்கச்சி, காலமையில இருந்து எடுக்கிறன்" என்றார் இன்ஷாப். "நீங்க ஓடிட்டீங்க. அந்த லெதர் போகப் போக மாறும். மத்தியானம் ஒரு ஆள், பின்னேரம் வேற ஆள் மாதிரி இருக்கும். குழம்பிடாதீங்க எண்டு சொல்லத்தான்."

"தெரியும் நானா."

"அட! எப்பிடித் தெரியும்?"

"கண்டுபிடிச்சனான்" என்றேன்.

ஸுல்பிகா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சிரித்தாள்.